ஆப்ட், பிப், சோர்ஸ்: உடைந்தால் எதைச் சரிசெய்வது லேசு?

டெர்மினலில் ஒரு மென்பொருளை இன்ஸ்டால் செய்ய எது நல்ல வழி? எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை எந்த வழியும் நல்ல வழிதான். ஒரு வரி, ஒரு என்டர், முடிந்தது. எரர் வந்து நிற்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். அதனால் வேகம், வசதி எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு இரண்டே கேள்வி கேட்கிறேன்: கோளாறு வந்தால் எது காரணத்தைத் தெளிவாகச் சொல்கிறது? போட்டதை எதில் சுத்தமாகக் கழற்ற முடிகிறது?

கணினியில் டெபியனோ உபுண்டுவோ (இரண்டும் லினக்ஸ் வகைகள்) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பைத்தான் நிரலிலிருந்து போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு பேச சைகோபிஜி2 என்ற லைப்ரரி வேண்டும். இதைப் பல வழிகளில் போடலாம், ஒவ்வொரு வழியும் ஒவ்வொரு விதமாகச் சொதப்பும்.

முதலில் ஆப்ட், டெபியன் குடும்பத்தோடு கூடவே வரும் இன்ஸ்டால் கருவி. இதில் வருவது ஏற்கெனவே கம்பைல் ஆன, அதாவது கணினி நேரடியாக ஓட்டும் வடிவுக்கு மாற்றிய, பேக்கேஜ். கூடவே தேவைப்படும் மற்றவற்றையும் தானே இழுத்து வந்துவிடும். பதிப்பு மட்டும் கொஞ்சம் பழசாக இருக்கும். கோளாறுகளும் பெரும்பாலும் தெரிந்த முகங்கள்தான். ‘அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்’ என்றால் ஒன்று பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்டேட் ஓட்டவில்லை, இல்லையென்றால் பெயர் தவறு. சைகோபிஜி2 என்று மட்டும் கொடுத்தால் கிடைக்காது, முன்னால் பைத்தான்3 என்று சேர்க்க வேண்டும். ‘குட் நாட் கெட் லாக்’ என்றால் வேறொரு ஆப்ட் பதிவேட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. உபுண்டுவில் பல சமயம் அது பின்னணியில் தானாக ஓடும் பாதுகாப்பு அப்டேட்தான்.

அந்த லாக் (பூட்டு) கோப்பை அழித்துவிடு என்ற யோசனை எங்கும் கிடைக்கும். தயவுசெய்து வேண்டாம். ஒரே பேரேட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் கணக்கு எழுதினால் என்ன ஆகுமோ, அதுதான் ஆப்ட்டுக்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜியின் பதிவேட்டுக்கும் ஆகும். கொஞ்ச நேரம் பொறுத்தால் பூட்டு தானே விடுபடும். மின்சாரம் போய் இன்ஸ்டால் பாதியில் நின்றிருந்தால் ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’. தேவையான பேக்கேஜ்கள் பாதி வந்தும் பாதி வராமலும் கிடந்தால் ‘ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்’. எதை எப்போது போட்டோம் என்பது ஹிஸ்டரி லாக் என்ற குறிப்புக் கோப்பில் தேதியோடு இருக்கும். ஆப்ட்டில் எனக்கு ரொம்பப் பிடித்ததே இந்தக் குறிப்புதான்.

அடுத்து பிப், பைத்தான் லைப்ரரிகளுக்கென்றே இருக்கும் இன்ஸ்டால் கருவி. புதுப் பதிப்பு வேண்டும் என்றால் இங்கேதான் வர வேண்டும். ஆனால் 2023இல் வந்த டெபியன் 12 முதல், நேரடியாகப் பிப் இன்ஸ்டால் கொடுத்தால் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்’ (இந்தப் பைத்தான் ஆப்ட்டின் பொறுப்பு) என்று மறுத்துவிடும். நிறையப் பேர் இதைக் கோளாறு என்று நினைத்து, ‘--ப்ரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ என்பதை ஒட்டிவிட்டுத் தாண்டிப் போகிறார்கள். சிஸ்டத்தை உடைக்கிறேன் என்று அதன் பெயரே சொல்கிறது, இதற்கு மேல் எப்படி எச்சரிப்பது?

இந்தத் தடை வருவதற்கு முன் நானும் சூடோ பிப் (அட்மின் உரிமையோடு பிப்) கொடுத்துப் பழகியவன்தான். ஒருநாள் சம்பந்தமே இல்லாத வேறொரு கருவி இம்போர்ட் எரர் கொடுத்து விழுந்தது. ஆப்ட்டில் மறுபடி மறுபடி இன்ஸ்டால் செய்து பார்த்தேன், அசையவில்லை. விஷயம் இதுதான்: சூடோ பிப் போடுவதெல்லாம் யூஎஸ்ஆர் லோக்கலுக்குக் கீழே போய் உட்காரும். பைத்தான் லைப்ரரியைத் தேடும்போது, ஆப்ட் போட்ட இடத்துக்கு முன்னால் அங்கேதான் பார்க்கும். ஆப்ட் போட்டது பத்திரமாகத்தான் இருந்தது, அதை யாரும் எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அரை நாள் போனது.

இதற்கு மருந்து வீஎன்வி, தனிப் பைத்தான் சூழல் அமைத்துத் தரும் கருவி. 2012இல் வந்த பைத்தான் 3.3 முதல் பைத்தானோடு கூடவே வருகிறது. டெபியன் குடும்பத்தில் மட்டும் பைத்தான்3-வீஎன்வி என்ற பேக்கேஜைத் தனியாகப் போட வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் ‘என்ஷ்யூர்பிப்’ (உள்ளே பிப்பைப் போட்டுத் தரும் பகுதி) இல்லை என்று புலம்பும். ப்ராஜெக்டுக்கு ஒரு ஃபோல்டர், உள்ளே தனி பிப். கெட்டுப்போனால் ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம். இதைவிடச் சுத்தமாகக் கழற்றும் வழி எனக்குத் தெரியாது.

சரி, வீஎன்வி உள்ளே பிப் இன்ஸ்டால் சைகோபிஜி2 கொடுத்தாயிற்று. லினக்ஸில் இது மூலநிரலாக வந்து உங்கள் கணினியில்தான் கம்பைல் ஆகும். எரர் பத்தி பத்தியாகக் கொட்டும். கடைசி வரியைப் படித்துப் பயனில்லை, ‘தோற்றுவிட்டது’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது. மேலே உருட்டிப் போனால், ‘பிஜி கான்ஃபிக்’ கிடைக்கவில்லை என்று ஒரு வரி இருக்கும். லிப்பிக்யூ என்பது போஸ்ட்கிரெஸோடு பேசும் சி லைப்ரரி; அதன் லிப்பிக்யூ-டெவ் என்ற பேக்கேஜை ஆப்ட்டில் போட்டால் அது வந்துவிடும். மறுபடி ஓட்டினால் ஜிசிசி (கம்பைல் செய்யும் கருவி) இல்லை என்னும், அதையும் போட்டால் ‘பைத்தான்.ஹெச்’ என்ற கோப்பு இல்லை என்னும். அதற்குப் பைத்தான்3-டெவ். வெங்காயம் உரிப்பது போலத்தான், கண்ணீரும் உண்டு.

இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் சைகோபிஜி2-பைனரி இருக்கிறது, கம்பைல் ஆகியே வரும். சொந்தக் கணினியில் சோதித்துப் பார்க்க இது போதும். சர்வரில் போடத் தயங்குவேன்: அது தன் லிப்பிக்யூவையும் ஓப்பன்எஸ்எஸ்எல்லையும் (இணைப்பைப் பாதுகாக்கும் லைப்ரரி) தானே சுமந்து வருகிறது, சிஸ்டத்துக்கு வரும் பாதுகாப்பு அப்டேட் அதைத் தொடாது. லைப்ரரியை உருவாக்கியவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

நாமே சோர்ஸை (மூலநிரலை) இறக்கி கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்று போவது வேறு வழியே இல்லாதபோதுதான். பழைய சி நிரல்களுக்கு இது தேவைப்படும். காரணம் தேடினால் கான்ஃபிக்.லாகில் கிடைக்கும், குறை சொல்ல முடியாது. கழற்றுவதுதான் தலைவலி. ‘மேக் அன்இன்ஸ்டால்’ எல்லா நிரலிலும் இருக்காது, எந்தக் கோப்பு எங்கே போனது என்று ஆப்ட்டுக்கும் தெரியாது. உபுண்டுவின் இன்னொரு இன்ஸ்டால் முறையான ஸ்னாப்பை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை, அது முழு செயலிகளுக்கானது, லைப்ரரிக்கு உதவாது.

என் வரிசை: பழைய பதிப்பு போதுமென்றால் ஆப்ட், போதாதென்றால் வீஎன்விக்குள் பிப். இரண்டையும் கலந்து வைத்திருப்பவர்கள், எரரைத் துரத்துவதற்கு முன் ‘டைப் -ஏ பைத்தான்3’ என்று கொடுத்து எத்தனை பைத்தான் இருக்கிறது என்று பாருங்கள். முதல் வரியில் வருவதுதான் ஓடுகிறது. அப்புறம் வெறும் பிப் என்று கொடுக்காமல் ‘பைத்தான்3 -எம் பிப்’ என்று கொடுங்கள், எந்தப் பைத்தானை ஓட்டுகிறீர்களோ அதற்குள்ளேயே போய் உட்காரும்.