கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கில் வாசக்டமி (ஆண் கருத்தடை அறுவை): வேலை சுத்தம், விளக்கம் பாதி

கத்தியில்லா முறைதான். அந்த இடம் மட்டும் மரத்துப்போக லிக்னோகெயின் ஊசி, விதைப்பைத் தோலில் சிறு துளை, அதன் வழியே இரு விந்துக்குழாய்களையும் இழுத்து வெட்டி, முனையைச் சுட்டு அடைக்கிறார்கள். அரை மணியில் முடிகிறது. பெரும்பாலும் தையல் வேண்டாம். மனைவிக்கான கருக்குழாய் அடைப்புக்கு பெரும்பாலும் முழு மயக்கம் வேண்டும், அதனால் இதுவே எளிது.

குறை எங்கே என்றால், பிள்ளையில்லாத தம்பதி என்றதும் ‘மனசு மாறினா?’ என்று நாலு தடவை கேட்கிறார்கள். கேட்கட்டும், மறுஇணைப்பு நிச்சயமில்லாத, செலவான அறுவை. ஆனால் அதைவிட முக்கியமானதைத் தாளில் ஒரு வரியோடு விட்டுவிடுகிறார்கள்: அன்றே பலன் வந்துவிடாது. குழாயில் மிச்சமிருக்கும் விந்தணு வெளியேறவேண்டும். 12 வாரம் கழித்து, குறைந்தது 20 தடவை விந்து வெளியேறிய பிறகு விந்துப் பரிசோதனை. முடிவு வரும்வரை ஆணுறை. இதைத் தவிர்ப்பவர்களின் மனைவிக்குத்தான் பெரும்பாலும் கர்ப்பம் தங்குகிறது.

மாதிரிப் புட்டி ஒரு மணிக்குள் லேப் சேரவேண்டும், உடம்புச் சூட்டோடு. ஜாலான் துன் சம்பந்தன் ஜாமில் டேஷ்போர்டு வெயிலில் வைத்தால் கெட்டது. சட்டைக்குள் வைத்து எல்ஆர்டி ரயில் ஏறுங்கள்.

இறுக்கமான உள்ளாடை, துணி சுற்றிய ஐஸ், ஒரு வாரம் பாரம் தூக்காமை போதும். வீக்கம் பெருகினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே திரும்பிப் போங்கள்.