கோத்தகிரிப் பலகை வீட்டில் தெள்ளுப்பூச்சி: மருந்து அடித்த அண்ணனைப் பற்றி

கோத்தகிரிக்கு மாற்றலாகி வந்து, பலகைத் தரை போட்ட ஒரு பழைய வீட்டில் குடியேறி இரண்டு மாதம் ஆகிறது. அதில் முதல் ஆறு வாரம் தெள்ளுப்பூச்சியோடு போனது. இரண்டு இடத்தில் பணம் கொடுத்து மருந்து அடித்தோம். முதலில் கொடுத்த பணம் வீண். இரண்டாவதாக வந்தவர் இந்த ஊர்க்காரர், தனி ஆளாக வேலை செய்கிறவர். அவருடைய வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரையும் நம்பரையும் பொதுவில் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

அக்டோபர் முதல் வாரம் சாமான் இறக்கினோம். நான், அத்தை, மூன்றாம் வகுப்புப் படிக்கும் பையன். கணவருக்கு ஈரோட்டில் வேலை, சனி ஞாயிறு வருவார். வீட்டுக்குப் புதிதாக வெள்ளை அடித்து, தரைக்குப் பாலிஷ் போட்டிருந்தார்கள். பார்க்க அவ்வளவு சுத்தம். ஜூலையிலிருந்து பூட்டிக் கிடந்த வீடு என்று மட்டும் தெரியும். வந்த அன்று சாயங்காலமே பையன் கணுக்காலைச் சொறிய ஆரம்பித்தான். காலையில் பார்த்தால் இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே மும்மூன்றாகச் சிவந்த தடிப்புகள். நான் கொசு என்றேன். அத்தை கோபிப் பக்கம் ஆட்டுப்பட்டிக்கு நடுவில் வளர்ந்தவர். "கொசுன்னா கை, மூஞ்சி எல்லாம் கடிச்சிருக்கும் கண்ணு. இது கால விட்டு மேல ஏறல பாரு. தெள்ளு" என்றார். வெள்ளை வேட்டி ஒன்றைத் தரையில் விரித்து வைத்தார். பத்து நிமிஷத்தில் எள்ளு மாதிரி நாலு கறுப்புப் புள்ளி அதன் மேல். விரலை நீட்டினால் துள்ளி மறைந்தன.

உண்ணியும் இதுவும் வேறு வேறு. உண்ணி குதிக்காது, தோலில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். தெள்ளு இரண்டு மில்லிமீட்டர்தான், பக்கவாட்டில் தட்டையாக இருக்கும், நகத்தில் வைத்து அழுத்தினால்தான் சாகும். கூப்பிடும் ஆளிடம் இதைச் சரியாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் அவசரத்தில் "ஏதோ பூச்சி கடிக்குது" என்றே போனில் சொன்னோம்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். மூட்டைப்பூச்சி என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டு, கட்டில் மூலைகளிலும் சுவர் ஓரத்திலும் அடித்துவிட்டு இருபது நிமிஷத்தில் கிளம்பினார்கள். 1,800 ரூபாய், ஒரு வருட கியாரண்டி என்று ஒரு அட்டை. கட்டிலைக்கூட நகர்த்தவில்லை. நாலு நாள் கழித்து மறுபடி கடி. போன் செய்தால், மலைக்கு மறுபடி வர வேண்டுமென்றால் வண்டிச் செலவு தனி என்றார்கள். அதோடு அவர்களை விட்டுவிட்டோம்.

நடுவில் வீட்டு வைத்தியமும் நடந்தது. நீலகிரியில் இருந்துகொண்டு தைலம் வாங்காமல் இருக்க முடியுமா? அரை லிட்டர் தைலத்தைத் தண்ணீரில் கலந்து தரை முழுக்கத் துடைத்தோம். வீடு மணத்தது, தெள்ளு இருந்தது. பூனை உள்ள வீட்டில் அந்தத் தைலமே பூனைக்கு விஷம் என்று பிறகுதான் தெரிந்தது. கணவர் கீழேயிருந்து ஒரு மூட்டை வேப்பிலை கொண்டுவந்தார், புகை போட்டோம். பெரியவர்கள் எல்லாரும் சொன்ன ஒரே யோசனை, மெத்தை, கம்பளி எல்லாவற்றையும் வெயிலில் போடு என்பது. ஈரோட்டில் அது நடக்கும். இங்கே அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெரிய மழை அப்போதுதான். துவைத்த துணி மூன்று நாளானாலும் ஈரம். தெள்ளுப் புழு உயிரோடு இருக்கக் காற்றில் ஈரம் வேண்டும், காய்ந்த இடத்தில் வற்றிச் செத்துப்போகும். அப்படிப் பார்த்தால் மழைக்கால மலைவீட்டின் பலகை இடுக்கு அதற்குத் தொட்டில்.

பூச்சிமருந்துக் கடையில் விசாரித்தபோதுதான் இந்த அண்ணனைச் சொன்னார்கள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வந்தவுடன் மருந்துப் பம்பை வாசலிலேயே வைத்துவிட்டு, பையிலிருந்து வெள்ளைச் சாக்ஸ் எடுத்து, பேண்ட்டின் மேல் முழங்கால் வரை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு அறையிலும் ஐந்து நிமிஷம், காலைத் தேய்த்துத் தேய்த்து மெதுவாக நடந்தார். அறை மாறும்போதெல்லாம் வாசலுக்குப் போய்ச் சாக்ஸில் ஏறியதை எண்ணினார். ஹாலில் ஆறு. எங்கள் அறையில் ஒன்பது. பையன் படுக்கும் சின்ன அறையில் இருபத்திமூன்று. சிவப்பு சிமென்ட் போட்ட சமையலறையில் ஒன்றுகூட இல்லை.

"பாத்தீங்களா டீச்சர், சிமென்ட்டுல இல்ல. பலகை சந்துலதான் இருக்கு. சின்ன ரூம்ல ஏன் இவ்வளவுன்னு வெளிய போய்ப் பாக்கணும்" என்றார்.

இந்தக் கால வீடுகளைப் போல இல்லாமல் இந்த வீட்டின் பலகைத் தரை மண்ணிலிருந்து ஒன்றரை அடி தூக்கி நிற்கிறது. மரம் உளுத்துப் போகாமல் இருக்க, அடிச்சுவரில் சுற்றிலும் காற்றுத் துளைகள் விட்டிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றின் கம்பி உடைந்திருந்தது. டார்ச் அடித்தால் நேரே சின்ன அறைக்கு அடியில் கோணிச் சாக்கு, முடி, ஒரு சாம்பல் நிறப் பூனை. முன்பு குடியிருந்தவர்கள் நாய் வளர்த்தார்கள், அவர்கள் போனபின் பூனை வந்து தங்கியிருக்கிறது. ஆரம்பித்தது நாயா பூனையா என்று பிரித்துப் பார்க்கத் தேவையில்லை, நாய் மேல் இருப்பதும் பெரும்பாலும் பூனைத் தெள்ளுதான் என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மூன்று மாதம் மனிதனே இல்லாத வீட்டில், பலகைக்கு மேலே இவ்வளவு தெள்ளு எதைத் தின்று இருந்தது? அவர் தரையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். தாய்த்தெள்ளு ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது முட்டை வரை போடும். முட்டை முடியில் ஒட்டாது, பிராணி படுக்கும் இடத்தில் உப்பு மாதிரி உதிரும். அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்குப் பயந்து சந்துக்குள் போய்விடும், பெரிய தெள்ளு கழித்த காய்ந்த ரத்தத்தைத் தின்னும். பிறகு பட்டு மாதிரி நூலால் கூடு கட்டும். கூடு பிசுபிசுப்பானது, தூசியும் மணலும் ஒட்டிக்கொண்டால் கண்ணுக்கே தெரியாது. அந்தக் கூட்டுக்குள் மருந்து இறங்காது. உள்ளே முழுத் தெள்ளாக வளர்ந்தும் வெளியே வராமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். தரை அதிர்ந்தால், உடம்புச் சூடு பட்டால், மூச்சுக்காற்று பட்டால்தான் கூட்டைக் கிழித்துக்கொண்டு வரும். நாங்கள் சாமான் இறக்கிய அதிர்வில்தான் அத்தனையும் விழித்துக்கொண்டன.

இதைக் கேட்டபின் நான் சொன்னேன், "அப்ப மருந்து அடிச்சிட்டு ரெண்டு வாரம் ஈரோடு போயிடுறோம் அண்ணா. பையன் கால் புண்ணாயிடுச்சு."

"போகாதீங்க டீச்சர். நீங்க போனா அதுங்க மறுபடி தூங்கிடும். நீங்க நடமாடணும். நடந்தாதான் கூட்ட விட்டு வரும். வந்தா மருந்து மேல கால வைக்கும், சாகும். மொத வாரம் முன்னவிட அதிகமாத் தெரியும், பயந்துடாதீங்க. ரெண்டு வாரம் கழிச்சு நான் மறுபடி வருவேன். ஒரு தடவ அடிச்சு முடிஞ்சிடும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க."

எங்களுக்கு வேலை ஆனது இந்தப் பேச்சினால்தான். முதலிலேயே சொல்லாமல் விட்டிருந்தால், மூன்றாம் நாள் தெள்ளு அதிகமானதும் இவரையும் ஏமாற்றுக்காரர் என்று நினைத்து நிறுத்தியிருப்போம்.

வேலை செய்த முறையையும் சொல்ல வேண்டும். 1968ஆம் வருடப் பூச்சிமருந்துச் சட்டப்படி அவர் எடுத்திருந்த உரிமத்தை நாங்கள் கேட்காமலே காட்டினார். சாமான் எல்லாவற்றையும் நடு ஹாலுக்கு நகர்த்தி, முதலில் வாக்குவம் கிளீனரின் மெல்லிய வாயை வைத்து ஒவ்வொரு பலகைச் சந்தாக இழுத்தார். இதற்கே இரண்டு மணி நேரம். முட்டையும் புழுவும் கொஞ்சம் போகும், மிச்சக் கூடுகளுக்கு அதிர்வும் கிடைக்கும். தூசிப் பையை உடனே பிளாஸ்டிக் கவரில் கட்டி வெளியே எடுத்துப் போனார். அதன் பிறகுதான் டெல்டாமெத்ரின் கலந்து, சந்து சந்தாக, அழுத்தம் குறைவாக வைத்து அடித்தார். தரைக்கு அடியிலும் துளை வழியாக அடித்தார். பூனை அப்போது அங்கே இல்லை. ஈரம் காயும்வரை, ஐந்து மணி நேரம், நாங்கள் பக்கத்து வீட்டு அக்கா வீட்டில் இருந்தோம். அடுத்த இரண்டு வாரம் தரையைத் தண்ணீர் போட்டுத் துடைக்கக் கூடாது, தினமும் வாக்குவம் மட்டும். அதற்காக 3,900 ரூபாய்க்குச் சொந்தமாக ஒன்று வாங்கினோம். படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் கொதிநீரில்.

பூனையை என்ன செய்வது என்று அவரிடம் கேட்டதற்கு, "அது என் வேலை இல்ல, டாக்டர்கிட்ட கொண்டு போங்க. நாய்க்குன்னு விக்கிற மருந்த மட்டும் போட்டுடாதீங்க" என்றார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும் என்று கால்நடை மருத்துவரும் சொன்னார். மீன் வைத்துப் பழக்கி, பழக்கூடையில் போட்டு எடுத்துப் போனோம். எடை பார்த்து, பிடரியில் ஃபிப்ரோனிலும் மெத்தோப்ரீனும் கலந்த சொட்டு மருந்து விட்டார். முடியைச் சீவி விழுந்த கறுப்புத் தூளை ஈரப் பஞ்சில் வைத்துக் காட்டினார். செங்காவியாகக் கரைந்தது. தெள்ளு கழித்த ரத்தம்தான். அதைப் பார்த்தபிறகு பையன் தயங்காமல் காலைக் கழுவ ஆரம்பித்தான்.

அத்தைக்கு மட்டும் வேறு ஒரு பயம். கோயம்புத்தூர்ப் பக்கம் பிளேக் மாரியம்மன் கோயில்கள் உண்டு, தெள்ளு கடித்து ஊரே காலியான கதையைச் சின்ன வயதில் கேட்டவர். பையனின் காலைப் பார்த்த டாக்டர், அந்த நோயைப் பரப்பியது முக்கியமாக எலித்தெள்ளு, இது பூனைத் தெள்ளு, சொறிந்த புண்ணைச் சுத்தமாக வைத்தால் போதும் என்று காலமைன் கொடுத்தார். அத்தை அப்படியும் ஒரு ரூபாய் மஞ்சள் துணியில் முடிந்து வைத்தார்.

இரவில் எத்தனை விழுகிறது என்று பார்க்க அண்ணன் ஒரு வழி சொன்னார். அகலத் தட்டில் தண்ணீர், அதில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு, பக்கத்தில் தரையோடு ஒரு சின்ன விளக்கு. சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் குதித்து வந்து தண்ணீரில் மூழ்கிவிடும். இது தெள்ளை ஒழிக்காது, கணக்குக்குத்தான். பையன் தினமும் காலையில் எண்ணி, கிழித்த காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்தான். மருந்து அடித்த மறுநாள் 14. மூன்றாம் நாள் 27. ஆறாம் நாள் 31. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. பத்தாம் நாள் 12, பதினைந்தாம் நாள் 5. இரண்டாவது முறை அடித்த பிறகு 2, 3, 1. நவம்பர் நடுவில் பூஜ்யம். அதற்குப் பிறகு இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

இரண்டு முறைக்கும் சேர்த்து 3,200 ரூபாய். முன்பணம் பாதி, மீதி இரண்டாவது முறை முடிந்த பிறகுதான் வாங்கினார். கம்பி வலைக்குத் தனியாக 350. உள்ளே குட்டி எதுவும் இல்லை என்று இரண்டு நாள் தொடர்ந்து பார்த்த பிறகே துளைகளை அடைத்தார். பூனை இப்போது விறகுக் கொட்டகையில் இருக்கிறது. சாக்ஸ் கணக்கையும் உடைந்த துளையையும் நேரில் காட்டியதால் வீட்டுக்காரம்மா பாதிச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர்களுக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனை எடுக்க மாட்டார். இரண்டாவது முறை வர வேண்டிய நாளில் வராமல் இரண்டு நாள் தள்ளி வந்தார். அந்த வாரம் மழை கொட்டியது, சரிதான், ஆனால் முன்கூட்டிச் சொல்லவில்லை. நாங்கள் காலையிலிருந்து சாமானை நகர்த்தி வைத்துக் காத்திருந்தோம். பில்லும் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் தருகிறேன், அந்த அரை இதற்காகத்தான்.

அழைப்பதற்கு முன்னால் நீங்களே வெள்ளைச் சாக்ஸ் போட்டு எல்லா அறையிலும் நடந்து எண்ணிக் குறித்து வையுங்கள், அவர் முதலில் கேட்பது அதைத்தான். வீடு பார்க்கப் போகும்போதே அப்படி நடந்து பார்த்தாலும் நல்லது, முக்கியமாகப் பூட்டிக் கிடந்த பலகை வீடாக இருந்தால். அவர் வேண்டுமென்றால் கோத்தகிரியில் பூச்சிமருந்துக் கடைகளில் "சாக்ஸ் போட்டுப் பார்ப்பாரே, அந்த அண்ணன்" என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வர மாட்டார்.