தினசரி ஓட்டும் டர்போ காருக்கு எத்தனால்: முழு ஈ85, ஃப்ளெக்ஸ், ஈ30, தண்ணீர்-மெத்தனால், எது தேறும்?

பூஸ்டை (டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றழுத்தத்தை) ஏற்றி 500, 600 எச்பி எடுக்கிற காரை ட்ராக்குக்கு மட்டும் வைத்திருந்தால் எந்த எரிபொருள் என்ற கேள்வியே பெரிதாக எழாது, ஈ85 (பெயரளவில் 85 சதவீதம் எத்தனால், மீதி பெட்ரோல்) ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். அதே காரில்தான் காலையில் வேலைக்கும் போகணும், டிராஃபிக்கில் நிற்கணும், குளிரில் ஸ்டார்ட் ஆகணும் என்றால் கணக்கே வேறு. இருக்கும் வழிகள் நான்கு: எப்போதும் ஈ85 மட்டும், எத்தனால் எவ்வளவு என்று படிக்கும் சென்சார் வைத்த ஃப்ளெக்ஸ் ட்யூன் (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பு), டேங்கில் நாமே கலக்கும் ஈ30 (30 சதவீத எத்தனால்), இல்லையென்றால் பெட்ரோலோடு தண்ணீர்-மெத்தனால் ஸ்ப்ரே. என் ஓட்டு ஃப்ளெக்ஸுக்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எத்தனாலில் பவர் எங்கிருந்து வருகிறது என்பதில் பலருக்கும் குழப்பம். ஒரு லிட்டருக்கு ஆற்றல் என்று பார்த்தால் அது பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. விஷயம் இருப்பது குளிர்ச்சியில். ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாகும்போது சுமார் 350 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், எத்தனால் கிட்டத்தட்ட 900. அதோடு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு என்றால் எத்தனாலுக்கு 9 பங்கு காற்றுக்கே ஒரு பங்கு ஊற்றணும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அதே காற்றுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு குளிர்ச்சி. போதாக்குறைக்கு ஆக்டேன் (ஆர்ஓஎன்) 108 வாக்கில். நாக் (சிலிண்டருக்குள் எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது) தள்ளிப்போகிறது, பூஸ்டும் டைமிங்கும் (ஸ்பார்க்கை எவ்வளவு முன்கூட்டி அடிப்பது என்பது) ஏற்ற இடம் கிடைக்கிறது. கோனிக்செக் யெஸ்கோ பெட்ரோலில் 1280 எச்பி, ஈ85-ல் 1600. 2023-ல் வந்த டாட்ஜ் டீமன் 170 ஈ10-ல் (10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்) 900, ஈ85-ல் 1025. இரண்டுமே எது ஊற்றினாலும் ஓடுகிற கார்கள் என்பதைக் கவனியுங்கள், கம்பெனிக்காரர்களே ஈ85-ஐ மட்டும் நம்பி இறங்கவில்லை.

சரி, ஈ85 மட்டும் என்று முடிவெடுத்தால் என்ன ஆகும்? ட்யூன் எளிது, ஒரே மேப் (எரிபொருளும் டைமிங்கும் எவ்வளவு என்ற அட்டவணை). ஆனால் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் பெரிதாகணும், ஹோஸும் எத்தனால் தாங்குவதாக இருக்கணும். ஆறு சிலிண்டரில் 600 எச்பிக்கு பெட்ரோலில் தோராயமாக நிமிடத்துக்கு 750 சிசி பீய்ச்சும் இன்ஜெக்டர் போதும், ஈ85-க்கு 1000-த்தில் கைவைக்கணும். ஹைவேயில் சும்மா ஓட்டினாலே கால்வாசிக்கு மேல் கூடுதலாகக் குடிக்கும், அதனால் ஊர் தாண்டிப் போகும்போது அடுத்த ஈ85 பங்க் எங்கே என்பதிலேயே மனசு நிற்கும். வழியில் கிடைக்காவிட்டால் வேறு எதையும் ஊற்ற முடியாது, அந்த மேப்பில் பெட்ரோல் போட்டு மிதித்தால் இன்ஜினுக்குச் சங்குதான்.

குளிரும் சேர்ந்து படுத்தும். எத்தனால் பத்து டிகிரிக்குக் கீழே சரியாக ஆவியாகாது, சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்கணும். அதனால்தான் ஈ85 என்று போர்டு போட்டு விற்பதிலும் பருவத்துக்கேற்ப பெட்ரோலின் அளவைக் கூட்டுகிறார்கள். அமெரிக்க விதிப்படி அந்தப் பெயரில் 51 முதல் 83 சதவீதம் வரை எத்தனால் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரே மேப் வைத்து ஓட்டுகிறவருக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

தினசரி ஓட்டத்தில் அதிகம் அடிபடுவது ஆயில். குளிர்ந்த இன்ஜினுக்குள் இவ்வளவு எரிபொருள் போகும்போது ஒரு பங்கு பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயிலில் இறங்கிவிடும். எத்தனால் 78 டிகிரியில் கொதிப்பதால், நீண்ட தூரம் ஓடி ஆயில் நன்றாகச் சூடானால் ஆவியாகிப் போய்விடும். அஞ்சு நிமிஷம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி அஞ்சு நிமிஷம் என்று ஓட்டுகிறவருக்குப் போகாது. ஆயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள், அடியில் மயோனைஸ் மாதிரி வெளிறிய குழம்பு ஒட்டியிருந்தால் உள்ளே தண்ணீரும் எத்தனாலும் சேருகிறது என்று அர்த்தம். ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்கிவிடுங்கள்.

இதைவிடப் பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. பெட்ரோலில் டைமிங் ஏற்றிக்கொண்டே போனால் நாக் வந்து தடுத்துவிடும், ஒரு வகையில் அதுதான் காவல்காரன். ஈ85-ல் அந்தச் சத்தமே வராது. டார்க் (முறுக்குவிசை) உச்சத்தைத் தொட்ட பிறகும் டைமிங் ஏற்றலாம், பவர் கூடாது, சிலிண்டர் அழுத்தம் மட்டும் ஏறும், ஒரு நாள் கனெக்டிங் ராட் வளைந்த பிறகுதான் தெரியும். ‘ஈ85-ல் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம், சேஃப்’ என்று யாராவது சொன்னால் அவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

ஃப்ளெக்ஸ் எடுத்தால் மேலே சொன்ன பெரிய பம்ப், பெரிய இன்ஜெக்டர், எத்தனால் தாங்கும் ஹோஸ், ஆயில் தொல்லை எல்லாம் அப்படியேதான் இருக்கும், செலவில் மிச்சம் கிடையாது. கூடுதலாக எரிபொருள் லைனில் ஒரு சென்சார். கார் கம்பெனிகளே போடுகிற அந்தச் சென்சார் 50 ஹெர்ட்ஸ் காட்டினால் எத்தனால் இல்லை, 150 என்றால் முழு எத்தனால், இடையில் 120 என்றால் 70 சதவீதம். இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) அதைப் பார்த்து பெட்ரோல் மேப்புக்கும் எத்தனால் மேப்புக்கும் நடுவில் எரிபொருள், டைமிங், பூஸ்ட் மூன்றையும் நகர்த்திக்கொள்ளும். பங்க்கில் 55 சதவீத எத்தனால் கொடுத்தாலும் 80 கொடுத்தாலும் தலைவலி இல்லை. ட்யூன் செய்பவரிடம் மறக்காமல் ஒன்று கேளுங்கள்: சென்சார் வயர் அறுந்தால் இசியூ என்ன செய்யும்? எரிபொருளைக் கடைசியாகப் படித்த அளவில் வைத்து, பூஸ்டையும் டைமிங்கையும் பெட்ரோல் பக்கம் இறக்கணும், அதுதான் சரியான பதில். எரிபொருள் போட்ட உடனே மிதிக்கவும் கூடாது, லைனில் பழையது இருக்கும், சென்சார் புதியதைப் பார்க்கச் சில நிமிடம் ஆகும். கேஜில் காற்று-எரிபொருள் விகிதத்தை விட்டுவிட்டு லாம்டாவைப் பார்த்துப் பழகுங்கள், லாம்டா 1 என்றால் எந்தக் கலவைக்கும் காற்று சரியான அளவில் இருக்கிறது என்று அர்த்தம்.

சென்சாரை நம்பாதவர்களுக்கும் அது இல்லாதவர்களுக்கும் ஒரு டெஸ்ட் ட்யூப் போதும். 20 மில்லி தண்ணீர், அதன் மேல் 80 மில்லி எரிபொருள், மூடிக் குலுக்கி வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேர்ந்து, கீழ் அடுக்கின் கோடு மேலே ஏறும். கோடு 76-ல் நின்றால் 56 மில்லி எத்தனால், அதாவது சுமார் 70 சதவீதம். துல்லியம் எதிர்பார்க்காதீர்கள், 80-ஐயும் 55-ஐயும் பிரித்துக் காட்டும், அது போதும்.

தண்ணீர்-மெத்தனால் பற்றி ரொம்பப் பேச வேண்டியதில்லை. பாதிக்குப் பாதி கலவை, தனி டேங்க், இன்டர்கூலருக்குப் பின்னால் நாசில், பூஸ்ட் வரும்போது மட்டும் தெளிக்கும். நீண்ட தூரம் ஓட்டுகிறவருக்கு மைலேஜ் கெடாது என்பது பெரிய லாபம், எரிபொருள் லைனைத் தொடவும் வேண்டாம். ஆனால் டேங்க் காலியானாலோ நாசில் அடைத்தாலோ, அதை நம்பிச் செய்த ட்யூன் அடுத்த நொடியே நாக் பண்ணும். தெளிக்கும் அளவை அளந்து, அது குறைந்தால் பூஸ்டைக் குறைக்கும் ஃபெயில்சேஃப் இல்லாமல் இதைப் போடுவதைவிடப் போடாமல் இருப்பது மேல். ஈயம் கலந்த ரேஸ் பெட்ரோல் தினசரிக்கு வேண்டவே வேண்டாம், ஆக்சிஜன் சென்சாரையும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் தின்றுவிடும்.

மிச்சம் ஈ30. நேரடி இன்ஜெக்‌ஷன் கார்களில் ஸ்டாக் (கம்பெனியில் போட்டு வந்த) ஹை பிரஷர் பம்ப் முழு ஈ85-க்குத் தாக்குப்பிடிக்காது, அங்கே பலர் நிற்பது இந்த இடத்தில்தான். பம்ப் மாற்றாமலே நாக் நன்றாகக் குறையும், குளிரிலும் ஸ்டார்ட் ஆகும், மைலேஜ் அடியும் சின்னது. சிக்கல் கலக்கும் கணக்கில். 50 லிட்டர் டேங்கில் 80 சதவீத ஈ85 என்று நம்பி 14 லிட்டர், மீதி ஈ10 பெட்ரோல் ஊற்றினால் 30 வரும். அந்த ஈ85-ல் உண்மையில் 55 தான் இருந்தால் டேங்கில் 23-கூட வராது, ட்யூனோ 30 இருக்கிறது என்று நினைத்து டைமிங் கொடுத்துக்கொண்டிருக்கும். அதனால் ஈ30-க்கு ட்யூன் கேட்கும்போதே 20-க்கும் தாங்குகிற மாதிரி கேளுங்கள். முதல் தடவை கலந்ததும் மூன்றாவது கியரில் ஒரு முழு இழுப்பு இழுத்து லாக் (இசியூவின் அளவீட்டுப் பதிவு) எடுங்கள், மேல் ஆர்பிஎம்மில் ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகும் எரிபொருளின் அழுத்தம்) இலக்கைவிட்டுக் கீழே சரிந்தால் பம்ப் திணறுகிறது, அடுத்த தடவை இரண்டு லிட்டர் ஈ85 குறைத்து ஊற்றிவிட்டு மறுபடி லாக் பாருங்கள்.