பழைய டியூபிங்கைக் கிணற்று வாயிலேயே ஸ்கேன் செய்து பார்த்த அனுபவம்

ஓமனில் ராட் பம்ப் (டியூபிங்குக்குள் நீளக் கம்பி ஏறி இறங்கி இயக்கும் பம்ப்) ஓடும் எண்ணெய்க் கிணறு ஒன்றில் ஒர்க்ஓவர், அதாவது பழுதுபார்ப்பு வேலை. மேலே வந்த டியூபிங், அதாவது எண்ணெய் ஏறிவரும் குழாய்கள், 180-க்கு மேல், எல்லாம் 2 7/8 அங்குலம். யார்டுக்கு லாரியில் அனுப்பாமல், ரிக் (குழாய்களைத் தூக்கும் இயந்திரம்) இழுக்கும்போதே காந்த ஸ்கேன் செய்து தரும் ஆட்களைக் கூப்பிட்டோம்.

குழாய் காந்தச் சுருளுக்குள் ஏறும்போது, துரு அரித்த குழி இருக்கும் இடத்தில் காந்தப் பாய்வு வெளியே கசியும், அதை சென்சார் பிடித்துவிடும். பம்பின் ராட், அதாவது அந்தக் கம்பி, உரசியது வேறு மாதிரி, ஒரே பக்கத்தில் நீளப் பள்ளமாகத் தேய்ந்திருக்கும். இரண்டையும் திரையில் தனித்தனிக் கோடாகக் காட்டினார்கள், அது பிடித்திருந்தது. குழாய்ச் சுவரின் தடிமன் இழப்பைப் பொறுத்து ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு நிறம்: 15 சதவீதம் வரை மஞ்சள், 30 வரை நீலம், 50 வரை பச்சை, அதற்கு மேல் சிவப்பு.

குறை? நீலம் அடித்த ஒரு குழாயில் எனக்குச் சந்தேகம். குழாயில் படிந்திருந்த எண்ணெய் மெழுகைச் சுரண்டிவிட்டு, தடிமன் அளக்கும் அல்ட்ராசோனிக் கேஜ் வைத்தால் சுவர் 3.1 மி.மீ. தான் நிற்கிறது. புதிதில் 5.5 இருக்கும், இழப்பு சுமார் 44 சதவீதம், ஆக அது பச்சை! கேட்டதும் மறுபேச்சில்லாமல் அந்த வரிசை முழுவதையும் கழுவி மறுபடி ஓட்டினார்கள், சரி, ஆனால் ரிக் இரண்டு மணி நேரம் சும்மா நின்றதற்கு யார் பணம் கொடுப்பது?

அப்புறம், மரையும் குழாய்களை இணைக்கும் கப்ளிங்கும் இந்த ஸ்கேனில் வராது, அதை நீங்கள்தான் கண்ணால் பார்க்க வேண்டும். அடுத்த கிணற்றுக்கும் இவர்களையே கூப்பிடுவேன், முதலில் சுடுநீரில் மெழுகை அடித்துவிட்டு.