ஐடில் இறங்கினால் ஸ்க்ரூவா, கிளீனரா?

ரங்கூனில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் தொண்ணூறுகளின் கொரோல்லாக்களுக்குப் பொதுவான வியாதி இது: சிக்னலில் நிற்கும்போது ஏசியைப் போட்டால் வண்டி உதறும், சில நேரம் அணைந்தே போகும். பட்டறைக்குப் போனால் வைத்தியம் இரண்டில் ஒன்று. ஐடிலை, அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகத்தை, கூட்டிக் குறைக்கும் ஐடில் ஸ்க்ரூவைத் திருகுவார்கள், இல்லையென்றால் என்ஜினுக்குக் காற்றை அளந்து விடும் திராட்டில் பாடியைக் கழற்றி கிளீனர் ஸ்ப்ரேயால் கழுவுவார்கள்.

ஸ்க்ரூ இரண்டு நிமிட வேலை. கார்பரேட்டர் காலத்துப் பழக்கம் அது. ஆனால் கணினி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வண்டியில் அந்த ஸ்க்ரூ பெட்ரோலைத் தொடுவதே இல்லை. பட்டர்ஃப்ளையை (திராட்டில் பாடிக்குள் திறந்து மூடும் தகடு) சுற்றிப் போகும் காற்றைத்தான் கூட்டிக் குறைக்கிறது. பக்கத்திலேயே கணினி ஆட்டிவைக்கும் ஐடில் வால்வும் அதே வேலையைத்தான் பார்க்கிறது. அதனால் ஸ்க்ரூவைச் சும்மா திறந்தால் ஆர்பிஎம் (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) ஏறும். கொஞ்ச நேரத்தில் கணினி வால்வை மூடிப் பழைய இடத்துக்கே இறக்கிவிடும். முறையாகச் செய்ய என்ஜின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். ஏசி, விளக்கு, ரேடியேட்டர் ஃபேன் எதுவும் ஓடக்கூடாது. பல டொயோட்டாக்களில் பானட்டுக்குள் உள்ள டயக்னாசிஸ் பெட்டியில் டிஇ1, இ1 என்ற இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டுத்தான் ஸ்க்ரூவைத் தொட வேண்டும். எத்தனையில் வைப்பது? பானட்டின் அடியில் ஒட்டிய ஜப்பானிய ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தால் அதிலேயே இருக்கும். எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியுமே.

என் ஓட்டு கிளீனருக்குத்தான். ஐடில் இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் கரி. பட்டர்ஃப்ளையின் விளிம்பில் விரலை வைத்துப் பாருங்கள், கண்மை மாதிரி ஒட்டும். அந்தக் கரி காற்றின் வழியை அடைக்கிறது, வால்வையும் சிக்கவைக்கிறது. ஸ்க்ரூவைத் திறந்து சமாளித்த வண்டியைப் பிறகு யாராவது கழுவினால், ஐடில் ஆயிரத்தைத் தாண்டி நிற்கக்கூடும்; மறுபடி மூட வேண்டியதுதான். கழுவுவதில் செலவு ஒரு டப்பா ஸ்ப்ரேயும், இணைப்பில் காற்று கசியாமல் வைக்கும் கேஸ்கெட்டும். பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டால் காற்று கசியலாம், புது வியாதி பிடிக்கலாம்.

ஆர்பிஎம் இறங்காமல் ஏறி ஏறி இறங்கினால் இரண்டுமே வீணாகலாம். என்ஜினோடு இணைந்த வேக்குவம் குழாயில் வெடிப்பு இருக்கலாம், ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கலாம். முதலில் தண்ணீரைப் பாருங்கள், காசு செலவில்லை.

டொயோட்டா ப்ரோபாக்ஸ் வண்டிக்காரர்களுக்கு இந்தச் சண்டையே கிடையாது. அதில் திருக ஸ்க்ரூ இல்லை, கழுவுவது ஒன்றுதான் வழி. எலக்ட்ரானிக் திராட்டில் உள்ள மாடலாக இருந்தால் சாவி போட்டிருக்கும்போது பட்டர்ஃப்ளையை விரலால் தள்ளாதீர்கள்.

மூன்றாவதாக ஒரு வைத்தியம் உண்டு, அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை: ஆக்சிலரேட்டர் கேபிள் பக்கம் உள்ள ஸ்டாப் ஸ்க்ரூவை முடுக்கி பட்டர்ஃப்ளையையே திறந்து வைப்பது. அப்படிச் செய்தால் காலை எடுத்துவிட்டீர்கள் என்பதே கணினிக்குத் தெரியாமல் போகும். இறக்கத்தில் பெட்ரோலை நிறுத்தாது, ஐடிலையும் கவனிக்காது. கம்பெனியில் செட் செய்து அனுப்பியது அது. அதில் யாராவது ஸ்பேனரை வைத்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.