கப்பா கராஜீனன் தூள்: 45 நாள் பாசியும் 30 நாள் பாசியும்

கப்பா கராஜீனன் என்பது கடற்பாசியிலிருந்து எடுக்கும், ஜெல்லாக உறையும் பொருள். இங்கே ஒப்பிடுவது ஒரே ஆலையின் இரண்டு தொகுதிகள். ஒன்றின் பாசி கடலில் கட்டிய கயிற்றில் 45 நாள் வளர்ந்தது. மற்றது 30 நாளிலேயே அறுத்தது. தூளாகப் பார்த்தால் நிறமும் மணமும் ஒன்றுதான். ஜெல்லாக்கினால் குட்டு வெளிப்படுகிறது: 45 நாள் ஜெல் கத்திக்கு நேராக வெட்டுப்படுகிறது, 30 நாள் ஜெல் அச்சிலிருந்து கவிழ்த்ததும் தொய்கிறது.

சோதிக்கத் தண்ணீர் 250 மி.லி., தூள் 3.75 கிராம், ஜெல்லை இறுக்கும் உப்பான பொட்டாசியம் குளோரைடு அரை கிராம் போதும். தூளையும் உப்பையும் உலர்வாகக் கலந்து, குளிர்ந்த தண்ணீரில் கிளறிக்கொண்டே தூவுங்கள். சுடுநீரில் கொட்டினால் கட்டி கட்டியாகி, நடுவில் மாவு நனையாமலே கிடக்கும். 80 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் வைத்து, ஆவியான தண்ணீரை எடை பார்த்து ஈடுசெய்து, ஓரிரவு ஆறவிடுங்கள். பிறகு ஜெல் கோப்பையைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, 11.3 மி.மீ. விட்டமுள்ள (பரப்பு சுமார் ஒரு சதுர செ.மீ.) தட்டை முனைக் கம்பியால் ஒரே வேகத்தில் அழுத்துங்கள். ஜெல் கிழியும் கணத்தில் தராசு காட்டும் கிராம்தான் ஒரு சதுர செ.மீ.க்கான வலிமை. இரண்டு கோப்பைகளும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். குளிர்ந்த ஜெல் எப்போதும் கூடுதலாகவே காட்டும்.

இளம் பாசியில் மூலக்கூறுச் சங்கிலி குட்டை. இன்னும் கப்பாவாக மாறாத முன்வடிவமான மியூவும் மிஞ்சியிருக்கும். மியூ இருக்கும் இடத்தில் சங்கிலி மடங்கி, ஜெல்லைக் கட்டும் சுருள் அறுந்துவிடுகிறது. மியூவை ஆலையின் சூடான காரக் கரைசல் கப்பாவாக்கிவிடும். குட்டைச் சங்கிலியை எந்தக் காரமும் நீட்டாது. பொட்டாசியத்தைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்ப்பது பலர் செய்யும் தவறு: ஜெல் நொறுங்கும், தண்ணீர் கசியும், கசப்பும் ஏறும்.

நெடுநாள் கயிற்றில் விடுவதும் ஆபத்துதான். ஒட்டுப்பாசி படரும், கிளைகள் வெளுத்து ஒடியும் நோய் வந்தால் விளைச்சலோடு ஜெல் வலிமையும் சரியும். சரியான நாளில் அறுத்ததையும் உலரும்போது மழை நனைத்தால் கெடுத்துவிடும்.

துண்டு போடும் ஜெல்லுக்கு 45 நாள் தூளைத் தயங்காமல் வாங்கலாம். பாலில் கோகோ படியாமல் நிறுத்த 0.02 முதல் 0.03 சதவீதம்தான் செல்லும் என்பதால் அங்கே 30 நாள் தூளையும் ஒதுக்க வேண்டியதில்லை. வாங்கும்போது அறுவடை வயதைக் கேளுங்கள். சான்றிதழின் வலிமை எண் வெறும் தண்ணீரில் எடுத்ததா, பொட்டாசியம் சேர்த்து எடுத்ததா என்றும் கேளுங்கள். அது தெரியாமல் இரண்டு தூள்களை ஒப்பிடவே முடியாது.