அப்பத்தா குரலும் ஒரு மெமரி கார்டும்: டெலீட் ஆன ஃபைல்களைத் தேடிய அனுபவம்

2021 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. போனில் இடம் இல்லை என்று இரண்டு நாளாக அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. ஃபைல் மேனேஜரைத் திறந்து, பெரிதாகத் தெரிந்த ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தேன். அதில் மெமரி கார்டில் இருந்த ஒரு ஃபோல்டரும் போய்விட்டது. அதற்குள்தான் என் அப்பத்தா பாடிய 43 ஒலிப்பதிவுகள் இருந்தன. தாலாட்டு, நடவுப் பாட்டு, அவர் தன் தங்கைக்காகப் பாடிய ஒப்பாரி. அந்த வருடம் ஜனவரியில்தான் அப்பத்தா இறந்திருந்தார். வேறு எங்கும் நகல் கிடையாது.

கேலரியில் அழித்தால் குப்பைத்தொட்டிக்குப் போகும் என்று தெரியும், அதனால் அங்கே போய்த் தேடினேன். ஒன்றும் இல்லை. அந்த போனின் ஃபைல் மேனேஜரில் கார்டில் இருப்பவற்றுக்குக் குப்பைத்தொட்டியே கிடையாது, அழித்தால் அழித்ததுதான். அழிப்பதற்கு முன் அது கேட்ட கேள்வியை நான் படிக்காமலேயே சரி என்று தொட்டிருக்கிறேன்.

அப்புறம் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். டெலீட் ஆனதை மீட்டுத் தருவதாகச் சொல்லும் செயலி ஒன்றை இறக்கினேன். ஐந்து நிமிடத்தில் ஆயிரத்துக்கும் மேல் படங்களைக் காட்டியது. நம்பிக்கை வந்து, பணம் கட்டி முழு வசதியையும் வாங்கினேன். வெளியே எடுத்துப் பார்த்தால் எல்லாம் தபால்தலை அளவுப் படங்கள். கேலரி வேகமாகக் காட்டுவதற்காக போன் தானே உருவாக்கி வைத்துக்கொள்ளும் சிறு நகல்கள் அவை. மற்ற பாதி, அழியாமல் போனிலேயே இருக்கும் படங்கள். ஒலிப்பதிவு ஒன்றுகூட இல்லை. இப்படி மூன்று செயலிகளைப் பார்த்தேன், மூன்றிலும் இதே கதை.

மூன்றாம் நாள் என் சித்தப்பா மகனிடம் சொன்னேன். காரைக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "அக்கா, முதல்ல போனை ஆஃப் பண்ணு. கார்டை வெளிய எடுத்து ஒரு கவர்ல போட்டு வை. நான் வர்ற வரைக்கும் அதை எதுலயும் சொருகாத" என்றான்.

அவன் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மெமரி கார்டில் ஒரு ஃபைலை அழிக்கும்போது, பெரும்பாலும் அந்த ஃபைலின் உள்ளடக்கம் அழிவதில்லை. இந்த இடம் இனிமேல் காலி என்று பட்டியலில் ஒரு குறி விழும், அவ்வளவுதான். பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டாலும் வீட்டுக்குள் ஆள் இருப்பது மாதிரி. ஆனால் புதிதாக ஏதாவது எழுதப்பட்டால் அது அந்தக் காலி இடத்தில் போய் உட்காரலாம். உட்கார்ந்துவிட்டால் பழையது நிஜமாகவே போய்விடும். என் போனில் கேமரா, படங்களைக் கார்டில்தான் சேமித்துக்கொண்டிருந்தது. இடைப்பட்ட இரண்டு நாளில் தெருவில் ஒரு வளைகாப்புக்குப் போய் முப்பது படமும் ஒரு வீடியோவும் எடுத்திருந்தேன். அது இன்றுவரை எனக்கு உறுத்தல்.

அவன் வந்து செய்த முதல் வேலை, கார்டை ரீடரில் போட்டு 128 ஜிபியையும் காலி இடம் உட்பட அப்படியே கணினியில் ஒரே ஃபைலாக நகலெடுத்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தேடுவதெல்லாம் அந்த நகலில்தான், கார்டைத் தொடவே இல்லை. தேடுவதற்கு ஃபோட்டோரெக் என்ற மென்பொருள். கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதியது, இலவசம், திறமூலம் (உள்ளே எழுதியிருக்கும் நிரலை யாரும் பார்க்கலாம்). பெயரில்தான் ஃபோட்டோ. ஒலி, வீடியோ, ஆவணம் எல்லாவற்றையும் தேடும். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஓடும், பார்க்க மிரட்சியாக இருக்கும். ஆனால் கேட்கும் கேள்விகள் நாலைந்துதான்: எந்த டிஸ்க், காலி இடத்தில் மட்டும் தேடவா முழுவதுமா, கிடைப்பதை எங்கே வைக்க. கிடைப்பதை அதே கார்டில் வைக்கவே கூடாது.

அந்த மென்பொருள் பட்டியலைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வகை ஃபைலும் தொடங்கும் விதத்தில் ஒரு அடையாளம் இருக்கும், அதை வைத்துத் தேடிப் பிடிக்கும். அதனால் பழைய பெயரும் ஃபோல்டரும் திரும்ப வருவதில்லை. எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணுமாக நூற்றுக்கணக்கில் ஃபைல்கள் வந்து விழுந்தன. வாட்ஸ்அப்பில் வந்து எப்போதோ அழித்த பாடல்கள், கல்யாண வீடியோக்கள், நான் மறந்தே போன படங்கள். அதற்குள் அப்பத்தாவைத் தேட வேண்டும். நாலு ராத்திரி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதல் பதிவு கிடைத்தபோது, பாட்டு தொடங்குவதற்கு முன்னால் அவர் "இது எடுக்குதா, இல்லையாடி?" என்று கேட்பது வந்தது. அடுத்ததைக் கேட்க அன்றைக்கு என்னால் முடியவில்லை.

43-இல் 38 முழுதாகக் கிடைத்தன. ஐந்து கிடைத்தும் திறக்கவில்லை. அவற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த மீட்பு கார்டு என்பதால் நடந்தது, அதிலும் கார்டு வெறும் சேமிப்பாகப் போட்டிருந்ததால் நடந்தது. ஆண்ட்ராய்டு 6 முதல் கார்டை போனின் உள் சேமிப்பாகவே ஃபார்மட் செய்யும் வசதி உண்டு. அப்படிப் போட்டிருந்தால் கார்டு முழுவதும் பூட்டப்பட்டிருக்கும், வேறு கருவியில் படிக்கவே முடியாது.

போனுக்குள் இருக்கும் நினைவகம் வேறு மாதிரி. ஆண்ட்ராய்டு 10-ஓடு வெளிவந்த போன்கள் முதல், உள்ளே இருக்கும் தகவல் பூட்டப்பட்டே இருக்க வேண்டும் என்பது கட்டாயம். இப்போதைய முறையில் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனிச் சாவி. ஃபைலை அழித்தால் சாவிக்கான விவரமும் சேர்ந்து போய்விடும், மிச்சம் கிடப்பது அர்த்தமில்லாத குப்பை. போதாததற்கு, போன் சும்மா இருக்கும் நேரத்தில், காலியான இடங்கள் இவை என்று நினைவகத்துக்குச் சொல்லிவிடும், அது அவற்றைத் துடைத்துவிடும். அதற்கும் மேல், ரூட் செய்யாத (அதாவது, கம்பெனி போட்ட கட்டுப்பாடுகளை உடைத்து முழு அதிகாரம் எடுத்துக்கொள்ளாத) போனில் எந்தச் செயலியாலும் நினைவகத்தை நேரடியாகப் படிக்க முடியாது. நான் பணம் கட்டிய செயலி ஏன் சிறு படங்களையே காட்டியது என்று இதற்குப் பிறகுதான் புரிந்தது. அதனால் அழுத்திச் சொல்கிறேன்: போனின் உள் நினைவகத்தில் குப்பைத்தொட்டியைத் தாண்டிப் போன ஃபைலுக்காக எந்தச் செயலிக்கும் பணம் கட்டாதீர்கள். ஒரு கடையில் இதே வேலைக்கு என்னிடம் 4,000 ரூபாய் கேட்டார்கள், கிடைக்கும் என்ற உறுதியும் தரவில்லை.

போன் தண்ணீரில் விழுந்து அல்லது போர்டு பழுதாகி உயிர் வராமல் இருந்தால் அது வேறு விஷயம். அங்கே ஃபைல் அழியவில்லை, போனை ஒருமுறை எழுப்பி, உங்கள் பூட்டு எண்ணைப் போட முடிந்தால் எடுத்துவிடலாம். அதற்கு நல்ல மெக்கானிக்கிடம் செலவு செய்வது நியாயம்.

அதன் பிறகு என் கவனம் முழுவதும் குப்பைத்தொட்டிகள் பக்கம் போனது. போனில் ஒன்று இல்லை, பல இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் கெடு வேறு. கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆன படத்தை அழித்தால் 60 நாள் இருக்கும். பேக்கப் ஆகாத படம் 30 நாள்தான். கூகுள் டிரைவில் 30 நாள், 2020 அக்டோபருக்கு முன்பு நாமாகக் காலி செய்யும்வரை அங்கேயே கிடக்கும், இப்போது அப்படி இல்லை. கூகுள் காண்டாக்ட்ஸில் அழித்த எண்ணுக்கும் 30 நாள் உண்டு, இது பலருக்குத் தெரியாது. சாம்சங் கேலரியில் 30 நாள், ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ‘சமீபத்தில் நீக்கியவை’ என்ற ஆல்பத்தில் குறைந்தது 30 நாள்.

ஒரு செயலியில் அழித்ததை இன்னொரு செயலியின் தொட்டியில் தேடி ஏமாறுவது அடிக்கடி நடக்கிறது. ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு பல செயலிகள் படத்தை உடனே அழிக்காமல், அதே ஃபோல்டரிலேயே பெயரை மாற்றி மறைத்து வைக்கின்றன. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி, ‘டிராஷ்ட்’ என்ற சொல், ஒரு நீண்ட எண். அந்த எண் என்றைக்கு அது அழியும் என்ற நேரக் குறிப்பு. ஃபைல் மேனேஜரில் மறைந்த ஃபைல்களைக் காட்டு என்று வைத்தால் இவை தெரியும். அழித்த பிறகும் போனில் இடம் கூடவில்லையே என்று கேட்கிறவர்களுக்கும் பதில் இதுதான்: தொட்டியில் இருப்பதும் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும்.

என் தங்கை 2022-இல் மாட்டிக்கொண்டது இன்னொரு குழப்பத்தில். எல்லாம் மேகத்தில், அதாவது இணையத்தில் கூகுளின் சேமிப்பில் இருக்கிறது, போனில் மட்டும் அழித்து இடம் பண்ணலாம் என்று நினைத்து, கூகுள் ஃபோட்டோஸ் செயலிக்குள்ளேயே பையனின் இரண்டு வருடப் படங்களைத் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டாள். அந்தச் செயலிக்குள் டெலீட் கொடுத்தால் மேகத்திலும் சேர்ந்து போகும். போனில் மட்டும் அழிக்க ‘இடத்தைக் காலியாக்கு’ என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் தொட வேண்டும். அவள் என்னிடம் சொன்னது 41-ஆம் நாள். பேக்கப் ஆன படங்கள் என்பதால் 60 நாள் கெடு இருந்தது, எல்லாம் திரும்ப வந்தன.

வாட்ஸ்அப்பில் என் அனுபவம் கலவையானது. போனில் ஒவ்வொரு நாளும் அதிகாலை 2 மணிக்கு அது உரையாடல்களை ஒரு ஃபைலாக எழுதி வைக்கிறது, கடைசி ஏழு நாளுக்கானவை இருக்கும். தவறுதலாக ஒரு உரையாடலை அழித்துவிட்டு, அதைக் கொண்டு ஒருமுறை மீட்டிருக்கிறேன். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு வந்த செய்திகள் எல்லாம் போய்விட்டன. ஒன்றை எடுக்க இன்னொன்றை விட வேண்டும். அந்த ஃபைலில் எழுத்து மட்டும்தான், படமும் குரல் பதிவும் வேறு ஃபோல்டர்களில் கிடக்கும். கூகுள் ஃபோட்டோஸில் வாட்ஸ்அப் ஃபோல்டரை நாமாகத் தேர்ந்தெடுத்தால்தான் அந்தப் படங்கள் பேக்கப் ஆகும். குரல் பதிவு அப்போதும் ஆகாது, அது படத்துக்கும் வீடியோவுக்குமான இடம். தொலைந்தது வாட்ஸ்அப் படம் என்றால் அனுப்பியவரிடம் கேட்பதே முதல் வழி. எனக்குப் பாதிக்கு மேல் அப்படித்தான் திரும்பக் கிடைத்திருக்கின்றன.

2023-இல் வாங்கிய இப்போதைய போனில் கார்டு போடும் இடமே இல்லை. அப்படியென்றால் ஃபோட்டோரெக் வழியும் அடைபட்டது. முதலில் அது எனக்கு பயமாக இருந்தது. பிறகு பழைய கார்டை நினைத்துப் பார்த்தேன். என் வீட்டுப் படங்களை, நான் அழித்த பிறகும், ஒரு இலவச மென்பொருளால் யாரும் எடுத்துவிடலாம் என்பதும் அதே உண்மைதான். கார்டை ஃபார்மட் செய்து விற்றாலும் பெரும்பாலும் அப்படித்தான், பட்டியல் மட்டுமே புதிதாகும். போனைத் தொலைத்த ஒரு பெண்ணுக்கு உள் நினைவகத்தின் பூட்டு எவ்வளவு பெரிய பாதுகாப்பு! அதனால் எனக்கு அதன்மேல் குறை இல்லை. கார்டை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை, பழுதானால் உடைத்துப் போடுகிறேன்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் போனைக் கேபிளில் கணினியோடு இணைத்து, கேமரா, ரெக்கார்டர், வாட்ஸ்அப் ஃபோல்டர்களை ஹார்ட் டிஸ்கில் நகலெடுக்கிறேன். நகல் திறக்கிறதா என்று நாலைந்தைத் திறந்து பார்த்த பிறகுதான் போனில் அழிக்கிறேன். இன்னொரு டிஸ்க் மதுரையில் அண்ணன் வீட்டில் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுக்களில் தானாக இறங்குவதை நிறுத்திவிட்டேன், இடப் பிரச்சினையில் பாதி அதிலேயே தீர்ந்தது. ஃபைல்ஸ் பை கூகுள் செயலி, பெரிய ஃபைல்கள், பழைய ஸ்கிரீன்ஷாட்கள் என்று அழிக்கச் சொல்லிக் காட்டும். நல்ல செயலிதான், ஆனால் எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்ற கட்டத்தை நான் தொடுவதில்லை. பெரிய ஃபைல் என்று அது காட்டுவது பெரும்பாலும் நான் காப்பாற்ற நினைக்கும் நீண்ட பதிவாகத்தான் இருக்கிறது.

அப்பத்தா பதிவுகள் டிரைவிலும் இருக்கின்றன. இலவச 15 ஜிபி ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து என்பதால், அவற்றுக்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் திறக்காத கணக்கை அழிக்கலாம் என்பது கூகுளின் விதி. அதனால் அவருடைய நினைவு நாளன்று அந்தக் கணக்கில் நுழைந்து ஒரு பாட்டையாவது கேட்டுவிடுகிறேன்.

அந்த ஐந்து ஃபைல்களுக்கு வருகிறேன். வளைகாப்பு வீடியோ அவற்றின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். அன்ட்ரங்க் என்று ஒரு திறமூலக் கருவி இருக்கிறது. அதே போனில் பதிவான நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், உடைந்த ஃபைலில் மிஞ்சியிருப்பதைக் கோத்துத் தர முயலும். மாதிரிக்கு என்னிடம்தான் 38 இருக்கின்றனவே. போன வருடம் தம்பி உட்கார்ந்து செய்ததில் இரண்டு பாதியளவு திறந்தன. ஒன்றில் நடவுப் பாட்டு நடுவிலிருந்து தொடங்கி, மழைச் சத்தத்தோடு மூன்று நிமிடம் ஓடுகிறது. மற்ற மூன்றும் ‘திறக்காதவை’ என்ற ஃபோல்டரில் இருக்கின்றன, இரண்டு டிஸ்கிலும்.